டிரஸ்ட் ஆவணத்தில் 'டிஸ்க்ரிஷன்': விருப்பமா, தற்றுணிபா?

கேள்வி (டர்பன், தென்னாப்பிரிக்கா)
வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலின் கல்வி உதவி டிரஸ்டுக்குத் தமிழ்ப் படி தயாராகிறது. "டிரஸ்டிகள் தங்கள் விருப்பப்படி உதவித்தொகை வழங்கலாம்" என்று போட்டோம். வாசித்தவர்கள், "வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுப்பார்களா?" என்கிறார்கள். 'டிஸ்க்ரிஷன்' என்பதற்குச் சரியான சொல் எது? 'சாய்ஸ்', 'ஆப்ஷன்' இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

மறுமொழி 1
அவர்கள் கேட்டது நியாயம். விருப்பத்தில் மனசு மட்டுமே உண்டு, ஆராயும் கடமை இல்லை. நம் நாட்டு 1988-ஆம் ஆண்டின் டிரஸ்ட் சொத்துச் சட்டம், 9-ஆம் பிரிவில், பிறர் காரியத்தைப் பார்ப்பவரிடம் நியாயமாக எதிர்பார்க்கும் அக்கறையும் திறமையும் டிரஸ்டியிடம் இருக்க வேண்டும் என்கிறது. அப்படி ஆராய்ந்து முடிவெடுக்கும் டிஸ்க்ரிஷனுக்கு இலங்கைச் சட்டத் தமிழில் வழங்கும் 'தற்றுணிபு' பொருந்தும். தன் + துணிபு. இந்தத் துணிபு தைரியம் அல்ல, முடிவு. 'எண்ணித் துணிக கருமம்' என்ற குறளில் வருவதும் அதுவே. இங்கே பலருக்குப் பழகாத சொல் என்பதால், முதலில் வரும் இடத்தில் விரித்துச் சொல்லுங்கள்: "ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஆராய்ந்து தாங்களே முடிவெடுக்கும் அதிகாரம், அதாவது தற்றுணிபு." 'தன்னிச்சையாக' வேண்டவே வேண்டாம், யாரையும் கேட்காமல் செய்ததைக் கண்டிக்கத்தான் பத்திரிகைகள் அதை எழுதுகின்றன.

மறுமொழி 2
சாய்ஸுக்குத் 'தெரிவு'. 'தேர்வு' என்றால் மாணவர்கள் பரீட்சை என்றே எடுத்துக்கொள்வார்கள். "தேர்வு முடிவு" என்ற தலைப்பைப் பார்த்து மார்க் தேடுவார்கள். தமிழ்நாட்டில் டிஸ்க்ரிஷனுக்கும் 'விருப்புரிமை' என்பார்கள். உங்கள் ஆவணத்தில் அதை ஆப்ஷனுக்கு மட்டும் ஒதுக்குங்கள்: "தொகையை ஒரே தவணையிலோ இரு தவணையிலோ பெறும் விருப்புரிமை மாணவருக்கு உண்டு." இரண்டுக்கும் அதையே போட்டால், உரிமை மாணவருடையதா டிரஸ்டியுடையதா என்று சண்டை வரும்.

மறுமொழி 3
சொல்லைவிட விகுதிதான் அதிகம் காலை வாரும். "விண்ணப்பத்தை நிராகரிக்கலாம்" என்பது அதிகாரமாகவும் படும், 'ஒருவேளை நடக்கும்' என்றும் படும். "நிராகரிக்க அதிகாரம் உண்டு" என்றால் சந்தேகமே வராது. ஆங்கிலத்தில் 'மே நாட்' என்று வந்தால் "வழங்காமல் இருக்கலாம்" என்று எழுதிவிடாதீர்கள். சட்ட ஆவணத்தில் பெரும்பாலும் அது தடை, ஆகவே "வழங்கக் கூடாது". 'நீட் நாட்' மட்டுமே "வழங்க வேண்டியதில்லை". இந்த இரண்டும் இடம் மாறினால் விதியே தலைகீழ்.

கேட்டவர்
மிக்க நன்றி. மூலத்தில் 'அப்சல்யூட் டிஸ்க்ரிஷன்' என்றும் ஓரிடத்தில் இருக்கிறது. அதற்கு?

மறுமொழி 1
'முழுத் தற்றுணிபு' போதும். "யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத" என்று சேர்த்துவிடாதீர்கள். மூலத்தில் இல்லாத பொருள் அது. அந்த அக்கறை காட்டாத டிரஸ்டியைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் வாசகம் ஆவணத்திலேயே இருந்தாலும், அதே 9-ஆம் பிரிவின்படி செல்லாது. முரண் வந்தால் ஆங்கிலப் படியே செல்லும் என்ற வரியை முதல் பக்கத்திலேயே போடுங்கள்.