அண்ணா பல்கலை ஆர்-2021 (2021-ம் வருட இன்ஜினியரிங் விதிமுறை): பாஸ் ஆகலாம், ஓ கிரேடு (உச்ச கிரேடு, 10 புள்ளி) ஏன் கைக்கு எட்டுவதில்லை? அனுபவம் உள்ளவர்கள் பகிரவும்

மலைக்கோட்டை:
பிளஸ் டூ கணக்கில் 95 எடுத்த பிள்ளைகள்கூட முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் பி பிளஸ் (7 புள்ளி) பார்த்து ஆடிப்போகிறார்கள். முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். தியரி பாடத்தில் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100-க்கு எழுதுவீர்கள், அதை 60-க்குச் சுருக்குவார்கள். மொத்தம் 50 வந்தால் பாஸ், ஆனால் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். இன்டர்னல் 38 வைத்துக்கொண்டு தேர்வில் 44 எடுத்தாலும் அரியர்தான்.

ஓ கிரேடுக்கு 91 என்பது நிலையான அளவுகோல். இன்டர்னல் 38 இருந்தால் 60-க்கு 53 வேண்டும், அதாவது பேப்பரில் 89. "ஒரு யூனிட்டை விட்டுடலாம், சாய்ஸ் இருக்கு" என்று சீனியர்கள் சொல்வதைக் கேட்டீர்களோ, போச்சு. ஒரு யூனிட்டை விட்டால் 13 மார்க் கேள்வி ஒன்று, இரண்டு மார்க் கேள்வி இரண்டு, ஆக 17 போகும். மீதி 83-ஐ அப்படியே அள்ளினாலும் 49.8. இன்டர்னலில் 40-க்கு 40 இருந்தாலும் 89.8-ல் நின்றுவிடும். சாய்ஸ் இருப்பது உண்மைதான், ஆனால் அது அதே யூனிட்டுக்குள் "இது அல்லது அது" என்கிற சாய்ஸ். அந்த யூனிட்டையே தொடாதவனுக்கு அதனால் என்ன பயன்?

கணக்குவாத்தி:
மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்கவேண்டும். அந்த 91 எல்லோருக்கும் பொருந்தாது. ஒரு பாடத்தில் மாணவர் எண்ணிக்கை 30-க்கு மேல் போனால் ரிலேட்டிவ் கிரேடிங், அதாவது மற்றவர்கள் மார்க்கோடு ஒப்பிட்டுக் கிரேடு. பாஸ் ஆனவர்களின் மார்க்கை மட்டும் எடுத்து, பாக்ஸ்-காக்ஸ் என்ற புள்ளியியல் முறையில் சீராக்கி, பாடத்துக்குப் பாடம் கிரேடு எல்லையை வகுக்கிறார்கள். ஃபெயில் ஆனவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். கிளாஸில் பாதிப் பேர் கவிழ்ந்தாலும் உங்கள் கிரேடு அதனால் ஏறாது. பாஸ் ஆனவர்களோடுதான் போட்டி. பேப்பர் ஈஸி என்று வெளியே வந்து சிரிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஈஸி பேப்பரில்தான் எல்லை மேலே போகும்.

இனி விடைத்தாள் விஷயம். முதல் செமஸ்டர் கணக்குப் பாடமான மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸில் கேலி-ஹாமில்டன் தேற்றம் (ஒரு சதுர அணியை அதன் கேரக்டரிஸ்டிக் ஈக்குவேஷனிலேயே போட்டால் பூஜ்ஜிய அணி வரும்) சரிபார்த்து இன்வெர்ஸ் காணும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 3×3 அணிக்குக் கேரக்டரிஸ்டிக் ஈக்குவேஷன் எழுத மூன்று எண்கள் வேண்டும்: மெயின் டயகனல் உறுப்புகளின் கூட்டல், டயகனல் மைனர்களின் கூட்டல், டிடர்மினன்ட். பிழை பெரும்பாலும் இரண்டாவதில்தான். மைனர் போடும்போது மைனஸை விட்டுவிடுவார்கள். கடைசியில் சரிபார்ப்பில் பூஜ்ஜிய அணி வராது. உடனே "ஆகவே சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்கு ஓடுவார்கள். திருத்துபவர் கண்ணில் முதலில் படுவது அந்த வரிதான். பூஜ்ஜியம் வரவில்லையென்றால் மைனர் கூட்டலையும் அணியின் வர்க்கத்தையும் மட்டும் திரும்பிப் பாருங்கள், தவறு அநேகமாக அங்கேதான் இருக்கும். நேரமே இல்லையென்றால் ஸ்டெப்பை அடிக்காமல் விடுங்கள். ஸ்டெப் மார்க் கிடைக்கும், அடித்த பக்கத்துக்குக் கிடைக்காது.

இசிஇ அக்கா:
நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! 180 நிமிஷம். பார்ட் ஏ-யின் பத்து 2 மார்க் கேள்விக்கு 20 நிமிஷம், பார்ட் பி-யின் ஐந்து 13 மார்க் கேள்விக்கும் தலா 26, பார்ட் சி-யின் ஒரே 15 மார்க் கேள்விக்கு 22. கையில் 8 நிமிஷம் மிஞ்சும். தெரிந்த கேள்வியை 40 நிமிஷம் இழுத்து எழுதினால் 13-க்கு 14 போடமாட்டார்கள் தம்பி. அந்த நேரம் பார்ட் சி-யின் 15 மார்க்கில் இருந்துதான் கழியும்.

இன்டர்னலில் எல்லோரும் டெஸ்ட்டையே பார்க்கிறார்கள். இரண்டு அசெஸ்மென்ட், ஒவ்வொன்றும் 100-க்கு. அதில் எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் வகையறா 40. ஒரு அசைன்மென்ட்டை மொத்தமாகக் கோட்டைவிட்டால் 200-க்கு 40 போகிறது, அதாவது இறுதி 40-ல் 8. அந்த எட்டைத் தேர்வில் ஈடுகட்ட 14 மார்க் கூடுதலாக எடுக்கவேண்டும். ஒரு முழு பார்ட் பி கேள்வியைவிட அதிகம்! கடைசி ராத்திரி அடுத்தவன் ஃபைலை ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பதன் விலை இதுதான்.

லேப்மேட்:
கிரெடிட்டை (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை) பார்க்காமல் எல்லாப் பாடத்துக்கும் ஒரே உழைப்புப் போடுவதும் தப்பு. முதல் செமஸ்டரில் மொத்தம் 22 கிரெடிட். கணக்கு 4, தமிழர் மரபு 1. ஓ-க்குப் பதில் ஏ வந்தால் (10-க்குப் பதில் 8) கணக்கில் ஜிபிஏ (கிரெடிட் எடை போட்ட செமஸ்டர் சராசரி) 0.36 குறையும், தமிழர் மரபில் 0.09 மட்டும். லேப்பில் விகிதம் தலைகீழ்: இன்டர்னல் 60, தேர்வு 40. ரெக்கார்டையும் அப்சர்வேஷனையும் வாராவாரம் முடித்துக் கையெழுத்து வாங்கினால் பாதிக்கிணறு தாண்டியாச்சு. மூன்று லேப்பும் சேர்ந்து 5 கிரெடிட், கணக்கைவிட அதிகம். அதை அலட்சியம் செய்பவர்கள்தான் ஜிபிஏ ஏறவில்லை என்று புலம்புகிறார்கள்.

கணக்குவாத்தி:
டிஸ்டிங்ஷனைக் குறிவைப்பவர்களுக்கு: சிஜிபிஏ (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரி) 8.5 மட்டும் போதாது, எல்லாப் பாடமும் முதல் முறையிலேயே பாஸ் ஆகியிருக்கவேண்டும். பரீட்சை நேரத்தில் உடம்பு படுத்தினால் சும்மா எழுதாமல் விட்டுவிடாதீர்கள், வித்ட்ராயலுக்கு (தேர்விலிருந்து முறைப்படி விலக அனுமதி) விண்ணப்பியுங்கள். அனுமதி கிடைத்தால் அது ஒரு முறை எழுதியதாகக் கணக்கில் வராது. படிப்பு முழுவதற்கும் ஒரே ஒரு தடவைதான், அட்டெண்டன்ஸும் சரியாக இருக்கவேண்டும்.

இசிஇ அக்கா:
ரீவேல்யூஷனுக்கு (விடைத்தாள் மறுமதிப்பீடு) நேராகப் பணம் கட்டாதீர்கள். முதலில் விடைத்தாள் நகல் வாங்கி, பாடம் எடுத்த சாரிடமோ மேடத்திடமோ காட்டுங்கள். கூட்டலில் விட்டது, திருத்தாத பக்கம், சப்-டிவிஷனுக்கு மார்க் போடாதது, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் தைரியமாகப் போடலாம். "இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்பதற்காகப் போட்டால் பேப்பரில் 5 ஏறினாலும் மொத்தத்தில் 3-தான் ஏறும். மார்க்‌ஷீட்டில் தெரிவது கிரேடு மட்டும்தான், எல்லையைத் தாண்டாத அந்த மூன்றால் ஒன்றும் மாறாது.