பழைய ஸ்பீக்கருக்குப் புது ரிசீவர் வாங்கினவங்க வாங்க: உங்களுக்கு என்ன ஆச்சு?

கீழவாசல்:
இன்னும் மனசு ஆறவில்லை, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். 2009-இல் வாங்கிய டிவிடி ஹோம் தியேட்டர். டிவிடி டிரைவ் செத்துப் பல வருடம் ஆகிறது. ஆனால் ஐந்து ஸ்பீக்கரும், கீழ் ஒலிக்கான சப்வூபரும் கல்லு மாதிரி இருந்தன. பெட்டியை மட்டும் கழித்துவிட்டு, டிவி, பிளேயரின் ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் நல்ல ரிசீவர் ஒன்று வாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டேன். "எந்த ஸ்பீக்கரா இருந்தாலும் ஓடும் சார்" என்றார் கடைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். வயர் நுனியில் கலர் கலராக இருந்த பிளாஸ்டிக் பின்களை வெட்டி, தோலைச் சீவி, முறுக்கி, ஐந்தையும் மாட்டியாயிற்று. கடைசியில் சப். திருப்பிப் பார்த்தால் அதற்குக் கரண்ட் வயரே இல்லை! மற்ற ஸ்பீக்கர்கள் மாதிரியே இரண்டு வயர்தான் தொங்குகிறது. ரிசீவரில் 'சப்வூபர்' என்று எழுதியிருக்கும் இடத்திலோ ஒரே ஒரு வட்ட ஓட்டை. இரண்டு செம்பு நுனிகளையும் விரலில் பிடித்துக்கொண்டு அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என்னப்பா, ஊசி கோக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான் மகன்.

சப்புக்கு ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப் பழைய பெட்டிக்குள் இருந்திருக்கிறது. அந்தப் பெட்டியை முந்தின நாள்தான் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தேன்.

ஓம்காரன்:
சப்பை விடுங்கள் சார். மற்ற ஐந்து ஸ்பீக்கரின் முதுகில் எத்தனை ஓம் (மின்தடை அளவு) என்று பார்த்தீர்களா? என்னுடையதும் அதே வகை செட்தான். 3 ஓம். ரிசீவரின் பின்பக்கத்தில் 6 முதல் 16 ஓம் என்று தெளிவாக அச்சடித்திருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்கு ஊரிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். படத்தில் கிளைமாக்ஸ், வில்லன் கோட்டை வெடிக்கப்போகிறது, நான் பெருமையாகச் சத்தத்தைக் கூட்டுகிறேன். டக். உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்சான ரிலே விழுந்தது. சிவப்பு விளக்கு மினுக்கு மினுக்கு என்று மினுக்குகிறது. கோட்டை சத்தமே இல்லாமல் வெடித்தது. அணைத்துப் போட்டால் வரும், சத்தம் கூட்டினால் மறுபடியும் டக். "வாங்குனதே பழசா மாப்ள?" என்று மாமா கேட்டது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

8 ஓம் ஸ்பீக்கர் இழுக்கும் கரண்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலே 3 ஓம் ஸ்பீக்கர் இழுக்கும். அந்த செட்டோடு வந்த ஆம்ப்பை அதற்கென்றே செய்திருப்பார்கள். பொதுவான ரிசீவர் அப்படிக் கிடையாது. அது பாதுகாப்புக்காகத் தன்னைத்தானே அணைத்துக்கொண்டதே புண்ணியம்.

மாடிவீட்டுக்காரன்:
எனக்கு ஓம் பிரச்சினை வரவில்லை. என் ஸ்பீக்கர்கள் 8 ஓம், தனியாக வாங்கியவை. மாட்டிக்கொண்டது டிவியில். கனமாக இருக்கிறது, உள்ளே நல்ல டிரான்ஸ்பார்மர் இருக்கும் என்று நம்பி 2012 மாடல் ரிசீவர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதில் ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) இருக்கிறது, டிவியிலும் ஏஆர்சி இருக்கிறது. ஒரே எச்டிஎம்ஐ வயரில் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பென்டிரைவை டிவியில் குத்திப் படம் போட்டேன். படம் வருகிறது, வாய் அசைகிறது, சத்தம் இல்லை. வயரைக் கழற்றி மாட்டினேன், செட்டிங்கில் சிஇசியை (டிவியும் ரிசீவரும் ஒன்றை ஒன்று இயக்கும் வசதி) அணைத்துப் போட்டேன், ரிசீவரை எழுப்பினேன். பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஊமைப் படமாடா? அப்பவே சொல்லியிருந்தா நான் தூங்கியிருப்பேனே" என்றாள்.

படத்தின் ஒலி டிடிஎஸ் என்ற முறையில் பதிவானது. என் டிவிக்கு டிடிஎஸ் தெரியாது. தனக்குத் தெரியாததை ரிசீவரிடம் தள்ளிவிடவும் மாட்டேன் என்கிறது. கடந்த சில வருடங்களில் பெரிய டிவி கம்பெனிகள் சிலவே டிடிஎஸ்ஸைக் கைவிட்டுவிட்டன என்பது பிறகுதான் தெரிந்தது. சரி, பிளேயரை நேராக ரிசீவரில் மாட்டுவோம் என்று போனால், 2012 ரிசீவருக்கு 4கே படத்தைக் கடத்தத் தெரியாது. ஒரு வழியில் போனால் சத்தம் இல்லை, இன்னொரு வழியில் போனால் படம் 1080-க்கு இறங்கிவிடுகிறது. இப்போது அம்மா பார்க்கும்போது ஒரு வழி, நான் பார்க்கும்போது இன்னொரு வழி.

நெல்லைக்காத்து:
கீழவாசல் அண்ணாச்சி, எதுக்கு இவ்வளவு கவலை? சப்பின் இரண்டு வயரையும் முன் ஸ்பீக்கரோடு சேர்த்து முறுக்கிவிடுங்கள். நான் ஒரு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஓம்காரன்:
ஐயோ, தயவுசெய்து வேண்டாம். உங்கள் முன் ஸ்பீக்கர் 6 ஓம், சப் 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சேர்த்து முறுக்கினால் ரிசீவருக்கு அது 2 ஓம். ஒரு வருடம் ஓடுகிறது என்றால் நீங்கள் சத்தமே வைப்பதில்லை என்று அர்த்தம்.

நெல்லைக்காத்து:
நான் வைக்கிற சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்துவிட்டார். 150 வாட்ஸ் ரிசீவர் அண்ணே, சும்மாவா?

ஓம்காரன்:
அந்த 150 எப்படி வந்தது என்று பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், எடுத்துப் படியுங்கள். ஒரே ஒரு சேனல், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், சிதைவு 10 சதவீதம் என்று இருக்கும். அதே ரிசீவரை இரண்டு சேனலில், 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக ஓட்டினால் எவ்வளவு என்று இன்னொரு வரி இருக்கும், அதுதான் நிஜக் கணக்கு. இன்னொன்று, 80 வாட்ஸை 160 ஆக்கினாலும் சத்த அளவில் கூடுவது 3 டெசிபல்தான். ஒரே வாட்ஸுக்கு 87 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 90 டெசிபல் ஸ்பீக்கர் வைத்தால் அதே 3 டெசிபல் ஒரு பைசா கரண்ட் செலவில்லாமல் வந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் வருவதற்கு 10 வாட்ஸே போதும்.

அத்தான் கொடுத்தது:
இங்கே ஓம் சண்டை நடக்கிறது, நான் வோல்ட்டில் போனவன். அமெரிக்காவிலிருந்து அத்தான் ஆசையாக ஒரு ரிசீவர் கொண்டுவந்து கொடுத்தார். 120 வோல்ட். விவரம் தெரிந்தவன்தான் நான், ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டித்தான் வைத்திருந்தேன். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது எல்லாவற்றையும் கழற்றி மூலையில் வைத்தோம். திருப்பி அடுக்கிய நல்லவர் யாரோ, தட்டைப் பின்னுக்கு ஒரு அடாப்டரும் தேடிப் போட்டு நேராகச் சுவரில் குத்திவிட்டார். நான் சுவிட்சைத் தட்டினேன். 'பட்'. அவ்வளவுதான். அப்புறம் மூன்று நாளைக்கு ஹாலில் புதுப் பெயிண்ட் வாசனையையும் மீறி அந்தக் கருகல் வாசனை.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் திறந்து பார்த்தவர், ஸ்டான்ட்பை ஓட்டுகிற குட்டி டிரான்ஸ்பார்மர் மட்டும்தான் போயிருக்கிறது, பெரியது தப்பித்தது என்றார். பிழைத்து வந்துவிட்டது. ஆனால் அதில் எஃப்எம் மட்டும் சரியாக வராது. அமெரிக்க ட்யூனர் 101.3-இலிருந்து நேராக 101.5-க்குத் தாவும். நம் சென்னை ரெயின்போ எஃப்எம் இருப்பது 101.4. நடுவில் நின்று கரகரக்கும்.

வேப்பமரம்:
எல்லோரும் ஸ்பீக்கர், டிவி என்கிறீர்கள், வைக்கிற இடத்தை ஒருவரும் கேட்கவில்லை. என் கதை ஒரு வரிதான்: பல்லி உள்ளே போய் போர்டில் ஒட்டிச் செத்தது, ரிசீவரும் கூடவே போனது. அதனால் சொல்கிறேன். முதலில், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள். மேலே ஒரு சாணாவது இடைவெளி வேண்டும், செட்டாப் பாக்ஸைத் தூக்கி அதன் தலையில் வைக்கக் கூடாது. மேலே சல்லடை ஓட்டை இருக்கிறது என்று துணி விரித்து மூடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதற்குப் பதில் அடுப்பில் வைத்துவிடலாம். பல்லிக்கு மெல்லிய கொசுவலைத் துண்டு, ஆனால் தூசி அடைக்காமல் மாதம் ஒருமுறை தட்ட வேண்டும். கடற்கரை ஊர் என்றால் வாரம் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள், ஈரம் காயும். 'உம்' என்று இரைச்சல் வந்தால் ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள், பாதி வீட்டில் அதுதான் காரணம். எர்த்தையும் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள். அப்புறம் ரிசீவரில் ஸ்பீக்கர் ஒலியை மைக் வைத்து அளக்கும் வசதி இருந்தால்...

மாடிவீட்டுக்காரன்:
ஐயா, யாரும் கேட்கவே இல்லையே!

வேப்பமரம்:
கேட்டிருந்தால் என் ரிசீவர் பிழைத்திருக்கும் தம்பி. மைக்கை சோபாவின் மேல் வைக்காமல், காது உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். அளக்கும்போது மின்விசிறி அணைந்திருக்கட்டும்.

கீழவாசல்:
எல்லோருக்கும் நன்றி. என் ஐந்தும் 3 ஓம்தான், இப்போதுதான் பார்த்தேன். 8 ஓமில் முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு ஜோடி வாங்குவதாக முடிவு. சப்புக்குச் சின்ன மோனோ ஆம்ப் ஒன்றை நடுவில் போட்டுவிட்டார் தெருமுனை மெக்கானிக். கீழ் ஒலியை மட்டும் ரிசீவரே பிரித்து அனுப்புவதால் பில்டர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நன்றாகவே அதிர்கிறது. வேப்பமரம் சார், ஷோகேஸ் கதவையும் கழற்றிவிட்டேன். மனைவி இன்னும் பேசவில்லை.