புரோட்டியசோமை அடைத்தும் தட்டணுவில் டாலின் உடைகிறது, உதவுங்கள்

புதுக்கை: அவசரம், நாளை ஆய்வுக் கூட்டம். கழுவிய தட்டணுக்களில் (பிளேட்லெட்) எபாக்சோமைசின் போட்டேன், புரோட்டியசோமை, அதாவது செல்லுக்குள் புரதங்களைச் சிதைக்கும் அமைப்பை, அடைக்கும் பொருள் அது. புரோட்டியசோம் நின்றுவிட்டது, ஒளிர்வுச் சோதனையில் பார்த்தேன். ஆனாலும் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) டாலின் என்ற செல் சட்டகப் புரதத்துக்குக் கீழே, 190 கிலோடால்டனில் இன்னொரு பட்டை. மூன்று முறையும் அதேதான். வேறு எது உடைக்கிறது?

மையவிலக்கி: தட்டணுவைத் தூண்டும் திராம்பின் கொடுத்தீர்களா, சும்மா விட்டீர்களா? ரத்தம் எடுத்தது உறையாமல் காக்கும் சிட்ரேட்டிலா? செல்லைக் கரைக்கும் லைசிஸ் பஃபரில் என்னென்ன?

கண்ணாடித்தகடு: வெள்ளணு கலந்திருக்கும். நியூட்ரோபில் என்ற வெள்ளணுவின் எலாஸ்டேஸ், புரதத்தை வெட்டும் நொதி, கொஞ்சம் கசிந்தாலே போதும். வெள்ளணுவின் அடையாளமான சி.டி.45 பார்த்தீர்களா?

பழையகை: ஆய்வுக்கு வருமுன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. புரோட்டியசோம் யுபிக்விட்டின் என்ற அடையாளச் சிறுபுரதம் ஒட்டிய புரதத்தை உள்ளே இழுத்துச் சின்னத் துணுக்குகளாக்கிவிடும். 190இல் முழுத் துண்டாக மிச்சம் வைக்காது. ஓரிடத்தில் நறுக்கிவிட்டு விலகுவது கால்பைன், கால்சியம் பட்டால் வேலை செய்யும் நொதி. டாலினின் தலையை, 47 கிலோடால்டன், தனியே வெட்டும்; மீதி உடல்தான் அந்த 190.

மையவிலக்கி: கற்றுக்கொள்ள வந்தவரிடம் இப்படிப் பேச வேண்டாமே. கால்பைன் என்பது சரிதான். நல்லவேளை எம்.ஜி.132 என்ற இன்னொரு புரோட்டியசோம் தடுப்பானைப் போடவில்லை. அது கால்பைனையும் தடுக்கும். பட்டை மறைந்ததும் புரோட்டியசோம்தான் உடைத்தது என்று எழுதியிருப்பீர்கள்.

செவ்வணு: உட்கருவே இல்லாத தட்டணுவுக்குப் புரோட்டியசோம் எதற்கு?

பழையகை: தட்டணுவின் தாய்ச்செல்லான மெகாகேரியோசைட்டிலிருந்து கூடவே வருகிறது. புரோட்டியசோமைத் தடுக்கும் புற்றுநோய் மருந்தான போர்டிசோமிப் கொடுத்தால் தட்டணு எண்ணிக்கை சரிவது தெரியாதா?

செவ்வணு: தெரியும். மருந்து இல்லாத நாட்களில் எண்ணிக்கை திரும்ப ஏறுவதும் தெரியும். மெகாகேரியோசைட் தட்டணுக்களை உதிர்க்க முடியாமல் நிற்பதால் வரும் சரிவு அது. தட்டணுவுக்குள் என்ன வேலை என்றுதான் கேட்டேன்.

பழையகை: யுபிக்விட்டின் ஒட்டிய புரதங்கள் அங்கேயும் சேர்கின்றன. அடைத்தால் குவிகின்றன. வேலை இல்லாமலா?

புதுக்கை: மன்னிக்கவும், இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சிட்ரேட்தான், திராம்பின் இல்லை. பஃபர் பக்கத்து மேசையில் வாங்கியது. புட்டியில் ஒட்டியிருந்த சீட்டை இப்போதுதான் படித்தேன்: கால்சியம் குளோரைடு 1 மில்லிமோலார்.

மையவிலக்கி: அதுதான். சவ்வு கரைந்ததும் கால்சியம் கால்பைனைத் தொடுகிறது. தட்டணு முழுசாக இருந்தவரை டாலின் உடையவில்லை, உங்கள் குழாயில்தான் உடைந்தது. அந்தப் பஃபரை விட்டுவிடுங்கள். கால்சியம் இல்லாத பஃபரில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.ஜி.டி.ஏ. 5 மில்லிமோலாரும், கால்பைனைத் தடுக்கும் கால்பெப்டினும் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்துக் கரையுங்கள். அப்புறம் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

புதுக்கை: 190 போய்விட்டது. ஈ.ஜி.டி.ஏ. மட்டுமே போதுமாக இருந்தது. நன்றி, கூட்டத்துக்குக் கிளம்புகிறேன்.

கண்ணாடித்தகடு: பழைய பிளாட்டில் 47இல் தலை தெரிந்ததா? சி.டி.45?