இருமொழி வழிகாட்டிப் பலகை: ஒரு மொழியைச் சிறிதாக்கலாமா?

கேள்வி:
நகர நடைபாதைகளுக்கு வழிகாட்டிப் பலகை வடிவமைக்கும் குழுவில் இருக்கிறேன். தமிழ், ஆங்கிலம் இரண்டும் வர வேண்டும். அகலம் போதவில்லை, ஒன்றைச் சிறிதாக்கிச் சாய்வெழுத்தில் போட்டுவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் எடுத்துச் சொல்லக் காரணம் வேண்டும். பார்வை குறைந்தவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் என்ன கவனிக்கணும்?

பதில் 1:
சிறிதாக்காதீங்க. அயர்லாந்து சாலைப் பலகைகளில் ஐரிஷ் சாய்வெழுத்தில் மேலே, ஆங்கிலம் முழுக்கக் கேப்பிடல் எழுத்தில் கீழே. கண் நேராக ஆங்கிலத்துக்குத்தான் போகும். பிரிட்டனின் வேல்ஸில் வேல்ஷ் மொழி, ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு. 2016 முதல் புதிய பலகைகளில் வேல்ஷ் முன்னால் வருகிறது. எந்த மொழி எங்கே என்பதை எல்லாப் பலகையிலும் மாற்றாமல் வைத்தால், இரண்டாவது பலகையிலேயே கண் பழகிவிடும். அப்புறம், அம்புக்குறியையும் படக்குறியையும் மொழிக்கு ஒன்றாகப் போடாமல் பொதுவாக ஒரே முறை போடுங்கள், உங்கள் அகலப் பிரச்சினையில் பாதி அங்கேயே தீரும்.

பதில் 2:
கணினியில் இரண்டு மொழிக்கும் ஒரே எழுத்தளவு எண் கொடுத்தால் ஒரே அளவில் தெரியாது. தமிழில் மேலும் கீழும் வளைவு, சுழி என்று வருவதால் வரி இடைவெளி கூடுதலாக வேண்டும், நெருக்கினால் 'கீ', 'மூ' எல்லாம் பக்கத்து வரியில் இடிக்கும். எழுத்தை ரொம்பத் தடிமனாக்கினாலும் சுழிகள் அடைபட்டு, தூரத்திலிருந்து 'ன'வா 'ண'வா என்றே தெரியாது. பிரின்ட் எடுத்துத் தூரத்தில் நின்று பாருங்கள்.

பதில் 3:
எனக்குப் பார்வை குறைவு. பளபளக்கும் பலகையில் வெளிச்சம் பட்டால் எனக்கு எந்த மொழியும் தெரியாது, அதனால் மங்கலான பூச்சு, எழுத்துக்கும் பின்னணிக்கும் நல்ல வேறுபாடு, இரண்டும் கட்டாயம். மொழிகளைச் சிவப்பு, பச்சை என்று மட்டும் பிரிக்காதீர்கள், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அது உதவாது. பிரெய்லை (தொட்டுப் படிக்கும் புள்ளியெழுத்து) உயரத்தில் ஒட்டிப் பயனில்லை, கை எட்ட வேண்டும். அமெரிக்க விதியில் தொட்டுப் படிக்கும் எழுத்து தரையிலிருந்து 48 முதல் 60 அங்குலத்துக்குள். தமிழ் பிரெய்லும் ஆங்கில பிரெய்லும் வேறு, இரண்டும் வேண்டும். படிக்கட்டில்லாத வழி வேறாக இருந்தால், அதைப் பாதை பிரியும் இடத்திலேயே சொல்லுங்கள். படிக்கட்டுக்கு முன்னால் வந்து நின்ற பிறகு சொன்னால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

பதில் 4:
மொழிபெயர்ப்பை இரண்டு பேர் சரிபார்க்கட்டும். 2008-இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், மொழிபெயர்ப்பாளரின் 'நான் இப்போது அலுவலகத்தில் இல்லை' என்ற தானியங்கி மின்னஞ்சலே வேல்ஷில் பலகையாக ஏறிவிட்டது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நிஜ அளவில் காகிதத்தில் அடித்து நாலு தெருமுனைகளில் கட்டப் போகிறேன். பதில் 3 எழுதியவரைப் போன்றவர்களையும் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் கூப்பிட்டு நடந்து பார்த்துவிட்டு, உலோகத்தில் செய்யச் சொல்கிறேன்.