ஏஜென்ட் டூல் தயார் பண்ற டிரான்சாக்ஷனை யூசர் தான் அப்ரூவ் பண்ணனும், இதை டாக்குமென்ட்ல எப்படி எழுதுறீங்க?

டாக்ஸ்_பொறுப்பு:
வணக்கம் மக்களே. கிரிப்டோ வாலட் வேலை பாக்குற ஏஐ ஏஜென்ட்டுக்காக ஒரு எம்சிபி சர்வர் (ஏஜென்ட்டுக்கு வெளி டூல்களைக் குடுக்குற புரோகிராம்) எழுதிருக்கோம், சின்ன டீம் தான். ஏழு டூல். மூணு சும்மா படிக்கிறது, பேலன்ஸ் பாக்குறது மாதிரி. மிச்ச நாலும் டிரான்சாக்ஷனைத் தயார் பண்ணி யூசர் கையில குடுக்கும். பிரைவேட் கீ, அதாவது கையெழுத்து போடுற ரகசிய சாவி, எங்ககிட்டயும் இல்ல ஏஜென்ட்கிட்டயும் இல்ல, அவர் வாலட்ல பாத்து ஓகே குடுத்தா தான் காசு நகரும். கோட் நல்லா ஓடுது, டாக்குமென்ட் தான் என் தலையில விழுந்துருச்சு. டிரான்ஸ்பர் டூலுக்கு "டோக்கனை அனுப்பும்"னு ஒரே வரி எழுதி வச்சிருந்தேன். போன வாரம் செபோலியா டெஸ்ட்நெட்ல (நிஜக் காசு இல்லாத சோதனை நெட்வொர்க்) ஒரு நண்பர்கிட்ட ஓட்டிப் பாக்கக் குடுத்தா, ஏஜென்ட் அவர்கிட்ட "அனுப்பிட்டேன், வேற ஏதாவது வேணுமா"னு கேட்டிருக்கு, அவரும் நம்பி எழுந்து போயிட்டார், வாலட்ல பாப்அப் அப்படியே தொங்கிட்டு இருக்கு. மறுபடி வந்து "இன்னும் போகலையே"ன்னதும் அது புதுசா இன்னொண்ணைத் தயார் பண்ணி நீட்ட, மனுஷன் ரெண்டையும் அமுக்கிட்டார். டெஸ்ட் காசு, போனா போகுது. நிஜக் காசு ஓடுற மெயின்நெட்ல இப்படி ஆனா என்ன பண்றது? இது டாக்குமென்ட் தப்பா கோட் தப்பா?

ராத்திரி_கம்பைலர்:
ரெண்டும் தான் ப்ரோ. ஆனா நீங்க ஒண்ணு மறந்துட்டீங்க, அந்த ஒரு வரியை முதல்ல படிக்கிறது மனுஷன் இல்ல, மாடல். டூல் டிஸ்கிரிப்ஷன் நேரா அதோட கான்டெக்ஸ்ட்ல போய் உக்காருது. "அனுப்பும்"னு நீங்க எழுதினா அது "அனுப்பிட்டேன்"னு தான சொல்லும், அது மேல என்ன தப்பு. நான் இப்படி எழுதுவேன்: "இந்த டூல் எதையும் அனுப்பாது. கையெழுத்து போடாத டிரான்சாக்ஷன் ஒண்ணைத் தயார் பண்ணும். ஹாஷ் கைக்கு வர்ற வரைக்கும் முடிஞ்சதா யூசர்கிட்ட சொல்லாதே." ஹாஷ்னா டிரான்சாக்ஷனை அனுப்பினதும் கிடைக்கிற அடையாளம். டூல் பேரையும் "பிரிப்பேர் டிரான்ஸ்பர்"னு மாத்துங்க. அப்புறம் ரிட்டர்ன்ல என்ன ஸ்டேட்டஸ் அனுப்புறீங்க? "சக்சஸ்"னு இருந்தா டிஸ்கிரிப்ஷன்ல எத்தனை வரி எழுதியும் புண்ணியம் இல்ல. "கையெழுத்துக்குக் காத்திருக்கு"ங்கிற அர்த்தத்துல தனி ஸ்டேட்டஸ் வேணும்.

இன்னொண்ணு, தயார் மட்டும் தான பண்றோம், செயின்ல எதுவும் மாறலையேன்னு ரீட்ஒன்லி ஹின்ட்டை (இது படிக்க மட்டுமேயான டூல்னு கிளையன்ட்டுக்கு, அதாவது ஏஜென்ட்டை ஓட்டுற ஆப்புக்குச் சொல்ற குறிப்பு) ட்ரூ போட்டுடாதீங்க. சில கிளையன்ட் அதைப் பாத்துட்டு யூசரைக் கேக்காமலே டூலை ஓட்டிடும்.

பழைய_நோடு:
ரீட்ஒன்லி விஷயத்துல எனக்கு ஒப்புதல் இல்ல, டெக்னிக்கலா பாத்தா அது படிக்கிற டூல் தான். ஆனா அது வெறும் ஹின்ட், நம்பிக்கை இல்லாத சர்வர் சொன்னா அதை நம்பாதேன்னு எம்சிபி ஸ்பெக்லயே இருக்கு, அதனால சண்டை வேண்டாம் விடுங்க.

தம்பி, நீங்க அமவுன்ட் எந்த யூனிட்ல வாங்குறீங்கன்னு எழுதிருக்கீங்களா? ஈத்தருக்கு 18 டெசிமல், டாலர் மதிப்புள்ள யூஎஸ்டிசி டோக்கனுக்கு 6, அதாவது ஒரு யூஎஸ்டிசின்னா 1-க்குப் பின்னாடி 6 சைபர். நான் வேலை பாத்த ஒரு இடத்துல டாக்குமென்ட்ல "அமவுன்ட்: ஸ்ட்ரிங்"னு மட்டும் இருந்துச்சு, மாடல் 100 யூஎஸ்டிசிக்கு 18 சைபர் சேத்துக் குடுத்துருச்சு, அதாவது நூறு லட்சம் கோடி டாலர். டிரான்ஸ்பர்னா பேலன்ஸ் பத்தாம ஃபெயில் ஆயிடும், பொழச்சோம். எங்களுக்கு வந்தது ஈஆர்சி-20 அப்ரூவ், அதாவது உங்க டோக்கனை இன்னொரு கான்ட்ராக்ட் எடுத்துக்க அனுமதி குடுக்குற ஃபங்ஷன். அது பேலன்ஸைப் பாக்கவே பாக்காது, சத்தமில்லாம பாஸ் ஆயிடும், அந்த கான்ட்ராக்ட் எப்ப வேணா பர்ஸைத் துடைச்சிட்டுப் போகலாம். ஒவ்வொரு பாராமீட்டருக்கும் ஒரு உதாரணம் போடுங்க, "1.5 யூஎஸ்டிசின்னா 1500000"ன்னு எண்ணாவே போடுங்க. செயின் ஐடியும் (எந்த நெட்வொர்க்னு சொல்ற எண்) அப்படித்தான், எத்திரியம் 1, பாலிகான் 137, பேஸ் 8453, மூணுலயும் அட்ரஸ் ஒரே மாதிரி இருக்கும், மாடல் குழம்பாம என்ன பண்ணும்.

கேஸ்_ஃபீ_கவலை:
யூசர் பாக்குற பக்கத்தை எல்லாரும் விட்டுட்டீங்க. 2025 பிப்ரவரி 21 பைபிட் கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்ல நடந்த திருட்டு ஞாபகம் இருக்கா, சுமார் 150 கோடி டாலர் போச்சு. கையெழுத்து போட்டவங்க ஸ்கிரீன்ல வழக்கமான டிரான்ஸ்பரைப் பாத்தாங்க, உண்மையில கையெழுத்தானது கான்ட்ராக்ட் லாஜிக்கையே மாத்துற வேற ஒண்ணு. அங்க ஏஜென்ட் எதுவும் இல்ல, இருந்தும் அந்த கதி. இங்க நடுவுல அழகா சுருக்கம் சொல்ற ஒரு மாடலும் உக்காந்துருக்கு. அதனால "ஏஜென்ட் சொல்ற சுருக்கத்தை வச்சு ஓகே குடுக்காதீங்க, வாலட்ல தெரியுற அட்ரஸ், தொகை, நெட்வொர்க்கைப் பாருங்க"ன்னு யூசர் கைடு முதல் பாராலயே இருக்கணும். சுருக்கத்தையும் மாடலை எழுத விடாம கால்டேட்டாவை (டிரான்சாக்ஷனுக்குள்ள குறியீடா இருக்குற டேட்டா) டிகோட் பண்ணி டூலே குடுக்கட்டும். பெர்மிட் (கையெழுத்தாலயே டோக்கனை எடுத்துக்க அனுமதி குடுக்குறது) மாதிரி வெறும் மெசேஜ் கையெழுத்து வாங்குற டூல் இருந்தா அதுக்குத் தனி எச்சரிக்கை போடுங்க, கேஸ், அதாவது டிரான்சாக்ஷன் கட்டணம், கேக்காததால ஜனங்க அதை லாகின்னு நினைச்சு அமுக்கிடுறாங்க.

ராத்திரி_கம்பைலர்:
அந்த ரெட்டை டிரான்சாக்ஷனுக்கு நான்ஸை (டிரான்சாக்ஷனோட வரிசை எண்) நாமளே ஃபிக்ஸ் பண்ணலாமேன்னு தோணும், ஆனா பல வாலட் நான்ஸை அதுவே போட்டுக்கும், நம்பாதீங்க. ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு ரிக்வெஸ்ட் ஐடி குடுங்க, புதுசா பண்றதுக்கு முன்னாடி பழசு நிலுவைல இருக்கான்னு பாக்கச் சொல்லி டிஸ்கிரிப்ஷன்ல எழுதுங்க. யூசர் ரிஜெக்ட் பண்ணா வாலட் 4001 எர்ரர் குடுக்கும், "4001 வந்தா மறுபடி முயற்சி பண்ணாதே, ஏன்னு யூசரைக் கேளு"ன்னு ஒரு வரி போடுங்க, இல்லன்னா அது பிச்சை கேக்குற மாதிரி நீட்டிட்டே இருக்கும். சொலானாவும் சப்போர்ட் பண்றீங்கன்னா டிரான்சாக்ஷன்ல வைக்கிற பிளாக்ஹாஷ் (சமீபத்திய பிளாக்கோட அடையாளம்) 150 பிளாக்ல காலாவதி, ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. யூசர் டீ குடிச்சிட்டு வந்து அமுக்கினா ஃபெயில் தான், அது எர்ரர் இல்ல, திரும்பத் தயார் பண்ணணும்னும் எழுதிடுங்க.

புது_வாசகி:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். எனக்கு இந்தத் த்ரெட்டே குழப்புது. யூசர் வாலட்ல ஓகே குடுக்குறதும் அப்ரூவ், அந்த அண்ணா சொன்ன ஈஆர்சி-20 ஃபங்ஷனும் அப்ரூவ். எதை எங்க சொல்றீங்கன்னே தெரியல.

டாக்ஸ்_பொறுப்பு:
அய்யோ ஆமா! இப்ப எங்க டாக்குமென்ட்டைத் தேடிப் பாத்தேன், "அப்ரூவ்" 23 இடத்துல வருது, ரெண்டு அர்த்தத்துலயும் கலந்து கட்டி. யூசர் பண்றதை "கையெழுத்து"ன்னும் அந்த ஃபங்ஷனை "செலவு அனுமதி"ன்னும் பிரிச்சு எழுதிட்டு இருக்கேன். டிஸ்கிரிப்ஷன், ஸ்டேட்டஸ் ரெண்டையும் மாத்தி ஓட்டினதுல ஏஜென்ட் இப்ப "வாலட்ல ஒரு ரிக்வெஸ்ட் வந்திருக்கும், பாத்துட்டு கையெழுத்து போடுங்க"ன்னு சொல்லுது. டெசிமல் உதாரணம் இன்னும் பாக்கி, ராத்திரி உக்காரணும். இந்தத் த்ரெட் தலைப்புலயும் அப்ரூவ்னு தான் போட்டிருக்கேன், எடிட் பண்ண விட மாட்டேங்குது.