ஜென்சி: குரலா, இளையராஜாவின் மெட்டா?

கேசட்காலம்:
நேற்று ‘ஜானி’ படப் பாடல்களைப் போட்டேன். பின்னணிப் பாடகி ஜென்சியின் ‘என் வானிலே’ வந்ததும் கையிலிருந்த வேலை அப்படியே நின்றுவிட்டது. கல்லூரி நாட்களில் ஜென்சி பாட்டு என்றால் உயிர். அப்புறம் எப்படியோ பேரே மறந்து போனது. சுசீலா, ஜானகி, சித்ரா வரிசையில் வைக்க வேண்டிய குரல் அது.

சுருதிபேதம்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் உருகுவது ராஜாவின் மெட்டுக்கு. அந்தப் படத்தில் ஸ்ரீதேவி பாடகியாக வருகிறார். அந்த ஒரே பாத்திரத்துக்கு ‘ஒரு இனிய மனது’ சுஜாதா, ‘என் வானிலே’ ஜென்சி, ‘காற்றில் எந்தன் கீதம்’ ஜானகி. மூன்று குரல் மாறியும் யாருக்கும் உறுத்தவில்லையே!

கேசட்காலம்:
மூன்று பேர் இருக்கும்போது எந்தப் பாட்டு யாருக்கு என்று ராஜா யோசிக்காமலா கொடுத்திருப்பார்? தவிப்பும் தேடலும் ஜானகிக்குப் போயின. ‘என் வானிலே’ அலட்டலே இல்லாத சந்தோஷம். பல்லவியை ஜென்சி ஏறக்குறைய பேசுவது போல எடுக்கிறார். வித்தை காட்டுவதில்லை, வரி முடிவில் குழைவதில்லை. அங்கே ஜானகி பாடியிருந்தால் உணர்ச்சி பாவம் கூடியிருக்கும், பாட்டே வேறாகியிருக்கும்.

பழையரேடியோ:
மறந்ததற்குக் காரணம் குரல் இல்லை. கேரளத்தில் அரசுப் பள்ளி இசையாசிரியர் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்தக் காலத்தில் பாட வேண்டுமென்றால் சென்னை ஸ்டூடியோவில் நேரில் வந்து நிற்க வேண்டும். ஊரில் இல்லாதவருக்காக யார் பாட்டை வைத்துக் காத்திருப்பார்கள்?

சுருதிபேதம்:
அது சரி. இருந்திருந்தாலும் எவ்வளவு தூரம் போயிருப்பார்? ‘தெய்வீக ராகம்’, ‘இதயம் போகுதே’ எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மனநிலை. சுவர்ணலதாவைப் பாருங்கள். ‘ராக்கம்மா கையத் தட்டு’ம் பாடினார், ‘போறாளே பொன்னுத்தாயி’க்கு தேசிய விருதும் வாங்கினார். வீச்சு என்றால் அது.

கேசட்காலம்:
வீச்சு மட்டுமே அளவுகோலா? ‘ஆயிரம் மலர்களே’ பாட்டில் மலேசியா வாசுதேவனும் ஷைலஜாவும் இருக்கிறார்கள். ஆனாலும் பாட்டை நினைத்தால் முதலில் காதில் விழுவது ஜென்சி. மெட்டுதான் எல்லாம் என்றால், இதை மேடையில் பாடுகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத் தொட்டிருக்க வேண்டும். சுருதி பிசகாமல் பாடுகிறார்கள், அந்த வெகுளித்தனம் மட்டும் வருவதே இல்லை.

சுருதிபேதம்:
மேடை விஷயம் உண்மைதான், அந்த வெகுளித்தனம் அவருடையதே. அதற்காக ஜானகி பக்கத்தில் உட்கார வைக்க மாட்டேன்.

கேசட்காலம்:
ஜென்சியின் ‘காதல் ஓவியம்’ பாட்டை ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.