சூடாகி அணையும் டெஸ்க்டாப்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

அச்சகத்துக்காரர்:

எங்கள் அச்சகத்தில் பக்க வடிவமைப்புக்கு வைத்திருக்கும் டெஸ்க்டாப், சித்திரை பிறந்ததும் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. காலையில் சமர்த்தாக ஓடும். வெயில் ஏறிய பிறகு பெரிய கோப்பு ஒன்றைப் பி.டி.எஃப். ஆக மாற்றக் கொடுத்தால் சட்டென்று அணைந்துவிடும். விண்டோஸ் பிழை காட்டும் நீலத் திரையும் வராது, எச்சரிக்கையும் வராது. உடனே பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் மீண்டும் அணையும். கொஞ்சம் ஆறவிட்டால் தானாக வழிக்கு வரும். கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்கும் மாதம் வேறு.

கடையில் திறந்துகூடப் பார்க்காமல் "மதர்போர்டு போய்விட்டது" என்றார்கள்; எல்லாப் பாகங்களையும் இணைக்கும் தாய்ப்பலகையைச் சொல்கிறார்கள். ஆறினால் வேலை செய்கிற மதர்போர்டு எப்படிப் போனதாகும் என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) பார்த்தால், எந்த வேலையும் இல்லாமல் நிற்கும்போதே கணினியின் மூளையான பிராசஸர் 80 டிகிரியைத் தாண்டியிருந்தது. நூறை நெருங்கினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினியையே அணைத்துவிடும். அணைவதற்கு முன் எல்லாம் மந்தமானதன் காரணம் புரிந்தது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பிராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கும் மின்விசிறிக்கும் நடுவே காகிதத் தூசி போர்வைபோல் படிந்திருந்தது. பிளோயரால் ஊதும்போது மின்விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். ஊதியும் சூடு கொஞ்சம்தான் இறங்கியது. ஹீட்சிங்கைத் தொட்டு அசைத்தபோது ஒரு மூலை ஆடியது. இன்டெல் பிராசஸரோடு பெட்டியில் வரும் ஹீட்சிங்கை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் மதர்போர்டில் பிடித்து நிற்கின்றன. வெள்ளைக் கவ்வி துளைக்குள் நுழைந்த பிறகு கறுப்பு ஊசி அதன் நடுவே இறங்கிக் கவ்வியை விரிக்க வேண்டும். எங்களுடையதில் ஒரு கவ்வி முறிந்து ஊசி மேலே எழும்பியிருந்தது. ஒரு மூலை தூக்கிக்கொண்டால் போதும், பிராசஸரின் சூடு ஹீட்சிங்குக்கு ஒழுங்காகப் போகாது. அடியில் சூட்டைக் கடத்தப் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட்டும் சுண்ணாம்பாக உலர்ந்து உதிர்ந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் இரண்டு பரப்பையும் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து, ஊசிகளை மாற்றினேன். குறுக்கு மூலைகளாக அழுத்த வேண்டும். வரிசையாக அழுத்தினால் எதிர்ப்பக்கம் தூக்கும்.

சூடு 45-க்கு இறங்கியது. ஆனால் பிற்பகலில் மறுபடியும் அணைந்தது! அப்போது பிராசஸர் 60-ஐக்கூட எட்டவில்லை. ஒரு கோளாற்றைக் கண்டுபிடித்தால் அதோடு தேடலை நிறுத்தத் தோன்றும். இங்கே இரண்டாவது கோளாறு பின்பக்கம் இருந்தது. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குப் பின்னால் கை வைத்தேன். காற்றே வரவில்லை, தகடு மட்டும் கொதித்தது. அதன் மின்விசிறி இறுகி நின்றுபோயிருந்தது. உபரியாகத் தொங்கிய நான்கு கம்பி இணைப்பில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். அங்கே வர வேண்டியது 12 வோல்ட்; 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். சும்மா இருக்கையில் சரியாகவே காட்டியது. பெரிய கோப்பை ஓடவிட்டதும் 11-க்குக் கீழே சரிந்தது. புது எஸ்எம்பிஎஸ் போட்டதோடு தீர்ந்தது. போய்விட்டதாகச் சொல்லப்பட்ட அதே மதர்போர்டில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரேடியோ மெக்கானிக்:

எஸ்எம்பிஎஸ் மின்விசிறிக்கு எண்ணெய் விடுகிறேன் என்று யாரும் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம். 230 வோல்ட் மாறுமின்னோட்டம் உள்ளே நேர்மின்னோட்டமாகும்போது 325 வோல்ட் அளவுக்குப் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கும் பெரிய கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கலாம். என்னிடம் வந்த ஒரு பெட்டிக்குள் பல்லி ஒன்று கருகிக் கிடந்தது. உரிமையாளர் நாற்றத்துக்கு எலியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பழைய பென்டியம்:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் தலைகீழ். 2004-இல் வெளிவந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4 பிராசஸர். அதில் சில மாடல்கள் 115 வாட் வரை சூட்டைக் கக்கும். மார்கழியில் மேசைக்கு அடியில் கால் காய்ச்சலாம். அந்தக் கணினி காலையில் உயிர் பெறாது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். திரும்பத் திரும்ப முயன்று உள்ளே சற்றுச் சூடேறிய பிறகே எழும். சூடானால் அணைகிறது என்றால் எல்லோரும் நம்புவார்கள்; சூடானால்தான் எழுகிறது என்றால் சிரிக்கிறார்கள்.

காரணம், பிராசஸரைச் சுற்றியிருந்த கெபாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். என்னுடையவற்றில் தலையில் உள்ள கீறல் விரிந்து, உப்பி, ஒன்றிரண்டில் பழுப்பாகக் கசிந்தும் இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற மின்பகு திரவம் அடைத்த கெபாசிட்டர்கள் உலகெங்கும் பரவி, ஏராளமான மதர்போர்டுகள் இப்படித்தான் செத்தன. கெட்டுப்போன கெபாசிட்டரின் உள்தடை குளிரில் கூடும், சூட்டில் குறையும். அதனால்தான் காலை நேரத்துப் பிடிவாதம். மாற்றும்போது 105 டிகிரி என்று அச்சிட்ட, உள்தடை குறைந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். 85 டிகிரி வகை அந்த இடத்தில் நீடிக்காது. வெப்பம் 10 டிகிரி கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு.

கணினி ஆசிரியை:

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மட்டும் ஓயாத சூடு. தூசி இல்லை, பேஸ்ட் புதிது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பெட்டியின் பின்புற மின்விசிறிக்கு அருகே பிடித்தேன். புகை வெளியே தள்ளப்படாமல் உள்ளே போனது. மாட்டியவர் திருப்பி மாட்டியிருக்கிறார்! சுவரோரச் சூட்டுக் காற்றை அது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மின்விசிறியின் விளிம்பில் பெரும்பாலும் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால், ஸ்டிக்கர் ஒட்டிய பக்கமாகத்தான் காற்று வெளியேறும்.

அச்சகத்துக்காரர், எனக்கு ஒரு சந்தேகம். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் 'கெர்னல் பவர் 41' என்று வருகிறதே, அது எஸ்எம்பிஎஸ் கோளாறுதானா?

அச்சகத்துக்காரர்:

அப்படிச் சொல்ல முடியாது, டீச்சர். முறையாக மூடப்படாமல் கணினி நின்றுவிட்டது என்று மட்டுமே அந்த எண் சொல்கிறது. வயரைப் பிடுங்கினாலும் அதே 41 வரும். சில கடைகளில் அதைக் காட்டியே எஸ்எம்பிஎஸ் விற்றுவிடுகிறார்கள். மல்டிமீட்டரை வைத்து, அதுவும் சுமை கொடுத்து, பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஹீட்சிங்க் ஊசி எங்கே கிடைக்கும் என்று சிலர் தனியே கேட்டிருந்தீர்கள். சென்னையில் இருப்பவர்கள் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரியுங்கள். வெளியூர்க்காரர்கள் பழுதுபார்க்கும் கடைகளில் கழித்துப் போட்ட ஹீட்சிங்க் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊசி மட்டும் கழற்றித் தருவார்கள். நான்கையும் மாற்றிவிடுவது நல்லது. ஒன்று முறிந்த சூட்டில்தான் மற்ற மூன்றும் இருந்திருக்கின்றன.